ஜனவரியில் வாங்கியதை டிசம்பருக்குள் வாசிக்க: பெங்களூரு தமிழ் வாசகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் நாட்களில் அங்கிருந்து பெங்களூரு திரும்பும் ரயிலில் ஏறிப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் பைகளில் எப்படியும் ரெண்டு மூணு புத்தகப் பையாக இருக்கும், காலால் நகர்த்தும்போதே தெரிந்துவிடும். அதில் ஒன்று என்னுடையது. அல்சூரில் குடிவந்து 14 வருஷம் ஆகிறது, ஒரு புத்தகக் காட்சியைக்கூட விட்டதில்லை.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குப் புத்தகம் குழாய்த் தண்ணீர் மாதிரி, வேண்டும்போது திறந்துகொள்ளலாம். நமக்கு அது மழை. வருஷத்தில் ஒரு தடவை கொட்டும், அதைத் தேக்கிவைத்து மீதி பதினொரு மாதமும் பாய்ச்ச வேண்டும். தேக்கத் தெரியாவிட்டால் வாங்கிய புத்தகம் பையிலேயே கிடக்கும். 2019இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினேன், வீட்டில் 340 புத்தகங்கள், அதில் 131 படிக்காதவை. அதற்கப்புறம்தான் ஒரு ஒழுங்குக்கு வந்தேன். இப்போது படிக்காமல் இருப்பவை 38. அந்த ஒழுங்கைத்தான் படிப்படியாகச் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: இருப்பதை எண்ணுங்கள்

வாங்கும் பட்டியல் போடுவதற்கு முன்னால் இதைச் செய்தாக வேண்டும். அலமாரி, கட்டிலுக்கு அடியில் இருக்கும் அட்டைப்பெட்டி, ஆபீஸ் டிராயர், ஊரில் அம்மா வீட்டில் விட்டுவந்தவை, எல்லாவற்றையும் சேர்த்துத்தான். ஒரு நீளமான நோட்டு எடுத்து, படிக்காத புத்தகங்களை மட்டும் எழுதுங்கள். தலைப்பு, பக்க எண்ணிக்கை, வாங்கிய வருஷம், அப்புறம் ஏன் வாங்கினீர்கள் என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் முக்கியம். காரணம் ஞாபகத்துக்கு வந்தால் அந்தப் புத்தகம் இன்னும் உங்களுடையது. எவ்வளவு யோசித்தும் வரவில்லையென்றால் முதல் பத்து பக்கத்தைப் படித்துப் பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் படிக்கக்கூடிய யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

நான் இதை மொபைலிலும் செய்து பார்த்தேன். நோட்டுதான் நிலைத்தது, புத்தகக் காட்சி நெரிசலில் பக்கத்தைப் புரட்டுவது சுலபம். இன்னொன்று, ஒரே புத்தகத்தை ரெண்டு தடவை வாங்குவதையும் இது தடுக்கும். அட்டையை மாற்றி மறுபதிப்பு போடும்போது புதுப் புத்தகம் என்றே தோன்றும், எனக்கு நாலு தடவை நடந்திருக்கிறது.

ரெண்டாவது படி: உங்கள் பக்கக் கணக்கு

இதைச் செய்யாமல் யாரும் வாசிப்புத் திட்டம் போடக் கூடாது என்பேன். "இந்த வருஷம் 50 புத்தகம்" என்று ஜனவரி 1ஆம் தேதி சொல்வது திட்டம் இல்லை, ஆசை. ஒரு வாரம், வழக்கமான வாரமாகப் பார்த்து, தினமும் எத்தனை பக்கம் படித்தீர்கள் என்று குறித்துவையுங்கள்.

என் கணக்கு இப்படி. அல்சூரில் பர்ப்பிள் லைன் மெட்ரோ ஏறினால் ஒயிட்ஃபீல்டு பக்கம் போய் இறங்க சுமார் முக்கால் மணி நேரம். 2023 அக்டோபரில் அந்தத் தடம் இடைவெளி இல்லாமல் முழுசாக இணைந்தது என் வாசிப்புக்குக் கிடைத்த பெரிய உதவி, அதற்கு முன்னால் டின் ஃபேக்டரி நெரிசலில் பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு பக்கம்கூட ஓடாது. மெட்ரோவிலும் உட்கார இடம் கிடைப்பது பாதி நாள்தான். சராசரியாக ஒரு நடைக்கு 12 பக்கம், போக வர 24, ஐந்து நாளைக்கு 120. விடுமுறை, காய்ச்சல், ஊர்ப் பயணம் எல்லாம் கழித்து வருஷத்துக்கு 48 வாரம் என்று வைத்தால் 5,760 பக்கம். 250 பக்கப் புத்தகமென்றால் 23 புத்தகம். ராத்திரி படுக்கைக்கு முன் படிப்பதும் ஞாயிறு மதியமும் சேர்த்தால் இன்னொரு பத்துப் பன்னிரண்டு. ஆக, ஒரு வருஷத்துக்கு என்னால் முடிந்தது 35.

அந்த எண் கையில் வந்ததும் எல்லாம் தெளிவாகிவிட்டது. 35 தான் படிக்க முடியும், அதில் குறைந்தது பத்து பழைய பாக்கியிலிருந்து வர வேண்டும், ஒரு ஐந்து மறுவாசிப்பு, மீதி 20. ஆகவே வருஷம் முழுக்க நான் புதிதாக வாங்கலாம் என்பது 20 புத்தகம். புத்தகக் காட்சியில் ஒரே நாளில் 45 வாங்கிய ஆளுக்கு இது முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் 20 என்று தெரிந்தால் ஒவ்வொன்றையும் எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது படி: பணம்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மாசம் 700 ரூபாயைத் தனியாக எடுத்துவைக்கிறேன், வருஷத்துக்கு 8,400. பாதி ஜனவரிக்கு, கால்வாசி ஓசூருக்கு, மீதி தபாலில் வரவழைப்பதற்கும் பழைய புத்தகத்துக்கும். என் பில்களைப் பார்த்தால் தமிழ்ப் புத்தக விலை பக்கத்துக்கு ஒரு ரூபாயைத் தாண்டிவிட்டது. பதிப்பகங்கள் குறைந்த பிரதிகளே அச்சிடுவதால் அப்படித்தான் வரும், அதற்காக அவர்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

நான்காவது படி: எங்கே வாங்குவது

சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஈடு எதுவும் இல்லை. 1977இல் அண்ணா சாலை மதரஸா பள்ளியில் சின்ன அளவில் தொடங்கியது, இப்போது நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் நூற்றுக்கணக்கான அரங்குகளோடு நடக்கிறது. எல்லா அரங்கிலும் 10 சதவீதத் தள்ளுபடி. சமீப வருஷங்களில் வேலை நாளில் மதியம் 2 மணிக்கும் விடுமுறை நாளில் 11 மணிக்கும் திறந்து இரவு எட்டரை வரை இருக்கிறது. தேதி பொங்கலை ஒட்டி முன்னே பின்னே மாறும், டிசம்பர் கடைசியிலேயே தொடங்கிய வருஷமும் உண்டு, ஆகவே அறிவிப்பு வந்த பிறகே டிக்கெட் போடுங்கள். பெங்களூரிலிருந்து காலை லால்பாக் எக்ஸ்பிரஸ் பிடித்தால் மதியத்தை ஒட்டி சென்ட்ரல், அங்கேயே மெட்ரோவில் ப்ளூ லைன் ஏறினால் நேராக நந்தனம். திறக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

ஒரே நாளில் எல்லா அரங்கையும் பார்க்க நினைக்காதீர்கள். நான் ரெண்டு நாள் ஒதுக்குகிறேன், இரண்டுமே வேலை நாள். முதல் நாள் ஒரு புத்தகமும் வாங்குவதில்லை, ஒவ்வொரு பதிப்பகத்திலும் விலைப்பட்டியல் மட்டும் வாங்கிக்கொண்டு, கையில் எடுத்துப் பார்த்தவற்றை நோட்டில் குறிப்பேன். ராத்திரி தங்குமிடத்தில் உட்கார்ந்து பட்டியலை வெட்டுவேன். ரெண்டாவது நாள் நேராக அந்தந்த அரங்குக்குப் போய் வாங்கி, மாலைக்குள் வெளியே வந்துவிடலாம். இப்படிச் செய்த முதல் வருஷமே பட்டியலில் 31 இருந்தது 13 ஆனது, விட்டுவிட்ட 18இல் ஒன்றைக்கூட அப்புறம் நான் தேடவில்லை.

சென்னை போக முடியாதவர்களுக்கு ஓசூர் இருக்கிறது. நமக்கு நாற்பது கிலோமீட்டர்தான், ஜூலையை ஒட்டிப் புத்தகத் திருவிழா நடக்கும். சில்க் போர்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ பஸ் ஏறினால் போதும். கூட்டம் குறைவு, கடைக்காரர்கள் நின்று பேசுவார்கள், ஜனவரியில் அச்சாகி வராமல் போனவை இங்கே வந்திருக்கும். எனக்கு இது ரெண்டாவது மழை.

பெங்களூருக்குள்ளேயே 2022 டிசம்பரில் தமிழ்ப் புத்தகத் திருவிழா தொடங்கினார்கள், முதல் தடவை அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் தமிழ்ச் சங்கத்திலேயே நடந்தது. என் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் தமிழ்ப் புத்தக அரங்குகளைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. இங்கேயே பிறந்து வளர்ந்து, தமிழ் பேச மட்டும் தெரிந்த பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போக வேண்டிய இடம் இது. 1950இல் தொடங்கிய சங்கம் அது, நூலகமும் உண்டு. வாங்கலாமா வேண்டாமா என்று இழுக்கும் புத்தகத்தை முதலில் நூலகத்தில் தேடிப் பாருங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு இடம், சென்ட்ரல் காலேஜ் வளாகத்தில் இருக்கும் சாகித்திய அகாதெமியின் மண்டல அலுவலகம். தமிழ் வெளியீடுகளும் அங்கே விற்பனைக்கு உண்டு, விலை மற்ற பதிப்பகங்களைவிடக் குறைவு, பிற இந்திய மொழிகளிலிருந்து தமிழுக்கு வந்த நாவல்களுக்கு அதைவிட நல்ல இடம் நம் ஊரில் கிடையாது. சர்ச் ஸ்ட்ரீட் கடைகள் எனக்கு உயிர், ஆனால் அங்கே போவது ஆங்கிலத்துக்காக. தமிழ்ப் புத்தகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு பழைய பிரதியாகக் கிடைத்தால் எடுத்துவந்து இங்கே தமிழ் படிக்கத் தெரியாத நண்பர்களுக்குக் கொடுப்பேன்.

தபால் விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பல வருஷமாகச் சின்னப் பதிப்பகங்களைத் தாங்கிக்கொண்டிருந்த பதிவு நூல் அஞ்சல் சலுகை 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அப்புறம் 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்தது, 300 கிராம் வரை 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாய் வரை, வரி தனி. தரைவழியாகவே வரும், ஆகவே அவசரப்படக் கூடாது. 250 பக்க சாதா அட்டைப் புத்தகம் ஏறக்குறைய 300 கிராம். ஒற்றைப் புத்தகமாக வரவழைப்பதைவிட நாலு பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் நிறைய மிச்சம். எங்கள் மாடியில் இருக்கும் வேலூர் அக்காவும் நானும் பக்கத்துத் தெரு நண்பர்கள் ரெண்டு பேரும் மூன்று மாசத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்கிறோம். பார்சல் வந்த அன்று மாலை அக்கா வீட்டில் காபி, பிரிப்பது எல்லாரும் சேர்ந்துதான்.

ஐந்தாவது படி: கையில் எடுத்துப் பார்ப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் பின்னட்டையைப் படித்துவிட்டு பில் போடப் போய்விடுகிறார்கள்.

ஒரு தடவை ஒரு நாவல் வாங்கிவந்தேன். மெட்ரோவில் பைய்யப்பனஹள்ளி தாண்டும்போது 160ஆம் பக்கம், கதாநாயகி ஊரைவிட்டுக் கிளம்புகிறாள், எதிர்ப் பக்கத்தைப் பார்த்தால் 177. ஒரு ஃபாரம் முழுசாக விட்டுப்போயிருக்கிறது. புத்தகங்கள் பொதுவாக 16 பக்கம் கொண்ட ஃபாரங்களாகத்தான் அச்சாகும், பைண்டிங்கில் ஒன்று தவறினால் சரியாக 16 பக்கம் காணாமல் போகும், அல்லது அதே 16 பக்கம் ரெண்டு தடவை வரும். பதிப்பகத்துக்கு எழுதினேன், ஒரு மாசம் கழித்து வேறு பிரதி வந்தது. ஆனால் அந்த ஒரு மாசம் அவள் எங்கே போனாள் என்று தெரியாமல் இருந்தேனே. அதிலிருந்து வாங்குமுன் 16, 32, 48 என்று அந்தந்த இடத்தில் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிடுவேன். ஒரு நிமிஷம்கூட ஆகாது. கூடவே நடுப் பக்கத்தை நன்றாக விரித்துப் பாருங்கள், பசை மட்டும் போட்ட பைண்டிங் என்றால் முதுகில் லேசாக ஒரு முறிவுச் சத்தம் கேட்கும். 400 பக்கத்துக்கு மேல் போகும் புத்தகத்துக்குத் தையல் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது நல்லது, பத்து வருஷம் தாங்கும்.

அடுத்தது, உரிமை விவரங்கள் இருக்கும் அந்த நாலாவது பக்கம். முதல் பதிப்பு எப்போது, இது எத்தனையாவது, "மறு அச்சு" என்கிறார்களா "திருத்திய பதிப்பு" என்கிறார்களா என்று பாருங்கள். மறு அச்சென்றால் பழசு அப்படியே. திருத்திய பதிப்பென்றால் ஆசிரியர் கை வைத்திருக்கிறார், முன்னுரையில் என்ன மாற்றினார் என்று சொல்லியிருப்பார். உங்களிடம் பழையது இருந்தால் அந்த முன்னுரையை அங்கேயே நின்று படித்துவிட்டு முடிவெடுங்கள்.

நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இல் அரசு வாங்கி, பின்னால் மக்களுக்கே பொதுவாக்கியதில் தொடங்கியது அந்த வழக்கம், அதற்கப்புறம் நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் படைப்புகள் அப்படி ஆகியிருக்கின்றன. எழுத்தாளர் இறந்து 60 வருஷம் கழிந்தாலும் காப்புரிமை முடிந்துவிடும். ஆக, அதே புத்தகத்தை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், ஒரே தலைப்பு நாலு அரங்கில் நாலு விலையில் கிடைக்கும். விலை குறைந்ததை எடுத்துவிடாதீர்கள். பதிப்பாசிரியர் பெயர் இருக்கிறதா, எந்த மூலத்திலிருந்து எடுத்தார்கள் என்று பதிப்புரையில் சொல்லியிருக்கிறார்களா, கதைகளுக்கு வெளியான பத்திரிகையும் தேதியும் கொடுத்திருக்கிறார்களா, இந்த மூன்றையும் பாருங்கள். நமக்குத் தெரிந்த ஒரு கதையைத் திறந்து முதல் பத்தியைப் படித்தாலே பிழைத்திருத்தம் எப்படி என்று பிடிபட்டுவிடும். ஒற்றுப் பிழைகூட இல்லாமல் பார்த்துப் பார்த்துச் செய்த செம்பதிப்புக்கு நூறு ரூபாய் கூடக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை, அந்த உழைப்பை யாராவது மதிக்க வேண்டாமா? அப்படி ஒரு பதிப்பு இல்லாத பழைய நூலென்றால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலோ மதுரைத் திட்டத்திலோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அங்கேயே படிக்கலாம். மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்களால் நடப்பது, இலவசம்.

மொழிபெயர்ப்பென்றால் மொழிபெயர்த்தவர் பெயர் அட்டையில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். அப்புறம் மூல மொழியிலிருந்தா, ஆங்கிலம் வழியாகவா. ஆங்கிலம் வழியாக வந்தால் தள்ளிவிட வேண்டும் என்றில்லை, தெரிந்து வாங்க வேண்டும். கன்னடத்திலிருந்து வந்தவற்றுக்கு நமக்கு ஒரு வசதி இருக்கிறது. போன வருஷம் ஒரு கன்னட நாவலைத் தமிழில் படித்துக்கொண்டிருந்தபோது, கிழவி ஒருத்தி பேசும் ஒரு வரி தட்டையாக இருந்தது. ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருக்கும் தார்வாட்காரர் மூலத்தை வைத்திருந்தார், அந்த வரியை அவர் தன் ஊர்ப் பேச்சில் படித்துக் காட்டினார். தமிழில் காணாமல் போன குரல் அப்படியே வந்து நின்றது. அன்றிலிருந்து நாங்கள் ரெண்டு பேரும் வருஷத்துக்கு ஒரு நாவலை, அவர் கன்னடத்திலும் நான் தமிழிலுமாகச் சேர்ந்து படிக்கிறோம். சென்னையில் இருப்பவர்களுக்கு இது வாய்க்காது.

ஆறாவது படி: வந்த வாரமே 20 பக்கம்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகம் வீட்டுக்குள் வந்த ஏழு நாளுக்குள், வாங்கிய ஒவ்வொன்றிலும் முதல் 20 பக்கம் படித்துவிட வேண்டும். 13 புத்தகமென்றால் 260 பக்கம், சங்கராந்தி விடுமுறையோடு சேர்த்தால் முடியும்.

புதுப் புத்தகத்தின் மேல் இருக்கும் ஆசைக்கு ஆயுசு குறைவு. ஒரு மாசம் கழித்து எடுத்தால் அது அலமாரியில் இருக்கும் இன்னொரு முதுகு, அவ்வளவுதான். 20 பக்கம் படித்திருந்தால் அந்த ஊரும் அந்த மனிதர்களும் உங்களுக்குள் இருப்பார்கள், ஆகஸ்டில் திரும்ப எடுக்கும்போது பாதியில் விட்ட பேச்சைத் தொடர்வது மாதிரி இருக்கும். 20ஆம் பக்கத்தில் ஒரு சீட்டு வைத்து, அதில் தேதியும், அடுத்து எந்த மாசம் படிக்கப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். சீட்டு வைக்காத புத்தகம் அலமாரி ஏறக் கூடாது. என் படிக்காத எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது இந்த ஒரு பழக்கத்தால்தான்.

ஏழாவது படி: வருஷத்தைப் பிரிப்பது

ஒரே நேரத்தில் மூன்று புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மெட்ரோவுக்கு. ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் விரிக்க வேண்டும், ஆகவே கனமில்லாதது, சிறுகதையோ கட்டுரையோ, இறங்கும் இடம் வந்தால் மூட முடிகிற மாதிரி. இன்னொன்று ராத்திரிக்கு, பெரிய நாவல், எத்தனை மாசம் ஆனாலும் பரவாயில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்கு, பென்சிலோடு மேஜையில் உட்கார்ந்து படிப்பது. எனக்கு அது இரண்டு வருஷமாக சங்கப் பாடல்கள், ஒரு வாரத்துக்கு மூன்று பாட்டு, உரையோடு. கவிதையை மெட்ரோவில் படிக்காதீர்கள், ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் அறிவிப்பு வந்து வரியை அறுத்துவிடும்.

மாதங்களைப் பொறுத்தவரை, ஜனவரி முதல் மார்ச் வரை ஆபீஸில் கணக்கு முடிக்கும் நெருக்கடி, அப்போது சின்னப் புத்தகங்கள்தான் ஓடும். ஏப்ரல், மே ஊர்ப் பயணம், ரயிலுக்கென்று ஒரு நாவலை ஒதுக்கிவைப்பேன். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை மழை, சாயங்காலம் வெளியே போக முடியாது, அதுதான் ஆயிரம் பக்கத்தை எடுக்க வேண்டிய காலம். அக்டோபர் 1ஆம் தேதியிலிருந்து டிசம்பர் புத்தகத் திருவிழா வரை ஒன்றுகூட வாங்குவதில்லை, பாக்கி மட்டும். இது கண்டிப்பு.

தனியாகப் படித்து அலுத்தால் சனிக்கிழமை காலையில் கப்பன் பூங்காவுக்குப் போங்கள். 2023 தொடக்கத்திலிருந்து மரத்தடியில் பாய் விரித்து, யாரும் யாரோடும் பேசாமல் படிக்கிறார்கள். எந்த மொழிப் புத்தகமும் எடுத்துப் போகலாம். ஒருநாள் நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்துவிட்டு, எழுந்து போகும்போது ஒரு பெரியவர் "தமிழா? நானும் தமிழ்தான், சேலம்" என்றார். இப்போது எங்கள் தபால் பார்சலில் ஐந்தாவது ஆள் அவர்.

60 பக்கம் தாண்டியும் ஒட்டவில்லையென்றால் வைத்துவிடுங்கள், ஆனால் கொடுத்துவிடாதீர்கள். அதற்கென்று ஒரு தட்டு வைத்திருக்கிறேன், வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன். 2020இல் வைத்த ஒரு நாவலை 2024இல் மூன்றே நாளில் முடித்தேன். நடுவில் அப்பா போய்விட்டார், அந்தப் புத்தகம் ஒரு மகனைப் பற்றியது.

எட்டாவது படி: நம் ஊர் ஈரம்

பெங்களூரில் ஜூனிலிருந்து நவம்பர் வரை ஈரப்பதம் விடாது, வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் அட்டை நெளியும், பூஞ்சை பிடிக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வையுங்கள். புத்தகங்களை இறுக்கி அடுக்காதீர்கள், ஒரு விரல் நுழைகிற இடம் வேண்டும். மாசம் ஒருமுறை வெயில் வந்த அன்று கதவைத் திறந்துவையுங்கள், நேர் வெயிலில் காயப்போட்டால் தாள் பழுத்துவிடும். எங்கள் அம்மா வசம்பைத் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்றாக வைப்பார், நானும் அதையே செய்கிறேன், ராமபாணப் பூச்சி எட்டிப் பார்ப்பதில்லை. பழைய புத்தகம் வாங்கினால் பத்து நாள் தனிப் பெட்டியில் வைத்திருந்துவிட்டு அப்புறம் மற்றவற்றோடு சேருங்கள்.

இரவல் கொடுக்க நோட்டின் நடுவில் ஒரு பக்கம். பெயர், புத்தகம், தேதி, அவர் கண் முன்னால் எழுதுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒன்பதாவது படி: வரப்போகும் புத்தகங்கள்

நோட்டின் கடைசி நாலு பக்கம் இதற்கு. தமிழ்ப் பதிப்பகங்கள் பெரும்பாலும் ஜனவரியைக் குறிவைத்தே வேலை செய்கின்றன, ஆகவே நவம்பர் நடுவிலிருந்து அட்டைப்படங்கள் வரத் தொடங்கும். அதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழிகள் உண்டு. பத்திரிகையில் தொடராக வருவது முடிந்தால் ஆறு மாதம் ஒரு வருஷத்தில் புத்தகமாகும் என்று குறித்துவைக்கலாம். பேட்டிகளில் எழுத்தாளர்கள் எழுதிக்கொண்டிருப்பதைச் சொல்வார்கள், அந்த வரியையும் தேதியையும் எழுதிக்கொள்வேன். சாகித்திய அகாதெமி விருது வழக்கமாக டிசம்பரில் அறிவிப்பது, அறிவித்த மறுநாளே பிரதி தீர்ந்துபோகும், ஆகவே எந்த எழுத்தாளருக்காவது வரும் என்று நினைத்தால் முன்கூட்டியே அவருடைய ஒரு புத்தகத்தை வாங்கிவிடுங்கள்.

அறிவித்த தேதியில் வராதது சகஜம். கண்காட்சி கடைசி வாரத்தில் மை வாசனையோடு வந்து இறங்கும், சில சமயம் அதுவும் இல்லாமல் ஜூலைக்குத் தள்ளிப் போகும். அதனால்தான் ஓசூருக்குக் கால்வாசிப் பணத்தை நிறுத்திவைக்கச் சொன்னேன்.

முன்வெளியீட்டுத் திட்டம் அறிவித்தால் யோசித்துச் சேருங்கள். பெரிய நாவல், மொத்தத் தொகுப்பு, அகராதி, செம்பதிப்பு மாதிரி செலவு பிடிக்கும் நூல்களுக்கு முன்பணம் கட்டுவது விலையிலும் லாபம், பதிப்பகத்துக்கும் எத்தனை பிரதி அடிக்கலாம் என்று தெரியும். 150 பக்கக் குறுநாவலுக்கு அது தேவையில்லை, வந்த பிறகு புரட்டிப் பார்த்தே வாங்கலாம். கட்டிய ரசீதை நோட்டிலேயே ஒட்டிவையுங்கள்.

காத்திருக்கும் காலத்தை வீணாக்க வேண்டாம். ஒரு எழுத்தாளரின் புது நாவல் வரப்போகிறதென்றால் அவருடைய முந்தைய ஒன்றை ஒரு மாசத்துக்கு முன்னால் மறுவாசிப்பு செய்யுங்கள். ஐந்து மறுவாசிப்பு என்று கணக்கில் வைத்தேனே, அது இதற்குத்தான். பழையதில் அவர் எங்கே தயங்கினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று மனசில் இருந்தால், புதியதைத் திறந்ததும் அந்த இடத்துக்கு அவர் திரும்பி வந்திருக்கிறாரா என்று கண் தேடும்.

இந்த வருஷம் என் பக்கத்தில் ஏழு பெயர்கள் இருக்கின்றன. ரெண்டுக்கு முன்பணம் கட்டியாயிற்று. ஒன்று வேலூர் அக்காவுக்கும் வேண்டுமாம், "நீ படிச்சுட்டுக் குடுப்பா, ஆனா ஒரு வாரத்துல குடுத்துடணும்" என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டார். இரவல் பக்கத்தில் அவர் பெயரையும் எழுதிவிட்டேன், தேதி மட்டும் காலியாக இருக்கிறது.